ரஃபாயேல்: யார் என்ன சொன்னாலும்

ரஃபாயேல் என்று சொன்னால் நம்மில் பலருக்கு டென்னிஸ் வீரர் நடால் நினைவுக்கு வருவார். செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பவர்களுக்குப் போர் விமானம் நினைவுக்கு வரும். ஓவியம் தெரிந்தவர்கள் இத்தாலிக்காரரைச் சொல்வார்கள். நான் எழுத வந்தது இவர்கள் யாரைப் பற்றியும் அல்ல. ஸ்பெயின் நாட்டுப் பாடகர் ஒருவரைப் பற்றி. முழுப் பெயர் மிகேல் ரஃபாயேல் மார்தோஸ் சான்செஸ். மேடையில் வெறும் ரஃபாயேல். 1960களின் தொடக்கத்தில் பாட வந்தவர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடிக்கொண்டே இருக்கிறார்.

2025 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், லத்தீன் கிராமி விருது கொடுக்கும் அமைப்பு அவரை அந்த ஆண்டின் சிறந்த மனிதராகக் கௌரவித்தது. அப்போது அவருக்கு வயது 82. அதற்குப் பதினோரு மாதம் முன்னால், 2024 டிசம்பரில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஒளிப்பதிவில் உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போய், அங்கிருந்தே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பக்கவாதமோ என்று முதலில் பயந்தார்கள். சோதித்துப் பார்த்ததில் மூளையில் லிம்ஃபோமா, அதாவது ஒருவகைப் புற்றுநோய், என்று தெரிந்தது. அந்த வயதில் அந்த வியாதி என்றால் நாமெல்லாம் என்ன நினைப்போம்? உயிலை எடுத்துச் சரிபார்ப்போம். அவர் சிகிச்சையை முடித்துக்கொண்டு 2025 கோடையில் மறுபடி மேடை ஏறிவிட்டார்.

எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஸ்பெயினுக்குப் போனதும் இல்லை. அவர் எனக்கு அறிமுகமானது லெனின்கிராடில்.

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டது என்பது நம் பக்கத்து மக்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பொறியாளர்கள் சிலரைப் பயிற்சிக்கு அங்கே அனுப்புவார்கள். 1973ல் என் முறை வந்தது. எனக்கு அப்போது 25 வயது. கல்யாணம் ஆகவில்லை. பகலெல்லாம் டர்பைன். மாலையில் விடுதி. சாப்பாட்டுக்கு ரொட்டியும் முட்டைக்கோசு சூப்பும். எங்கள் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். இந்தியர்கள் என்றதும் ரஷ்யர்கள் எல்லோரும் ராஜ் கபூரைப் பற்றிக் கேட்பார்கள், அவரும் கேட்டார். சில நாள் பழகிய பிறகு, ராஜ் கபூர் தன் அம்மாவின் தலைமுறை என்றும், தங்கள் தலைமுறைக்கு வேறு ஒருவர் இருக்கிறார் என்றும் சொல்லிச் சிரித்தார்.

அந்த வேறு ஒருவரின் படம் அப்போது இரண்டாவது சுற்றாகவோ மூன்றாவது சுற்றாகவோ ஒரு சின்ன தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. எங்களை அழைத்துப்போனார். மாரியோ காமுஸ் என்பவர் இயக்கி 1968ல் வந்த படம். ஸ்பானியப் பெயருக்கு 'யார் என்ன சொன்னாலும்' என்று பொருள். ரஷ்யாவில் அதைச் சுருக்கி 'பேசட்டும்' என்று வைத்திருந்தார்கள். கதை அர்ஜென்டினாவில் நடக்கிறது. வசனத்தை ரஷ்ய மொழிக்கு மாற்றிவிட்டு, பாட்டுகளை மட்டும் ஸ்பானியத்திலேயே விட்டிருந்தார்கள். எனக்கு ரஷ்ய மொழியும் அரைகுறை, ஸ்பானியமோ சுத்தமாகத் தெரியாது. கதையைப் பிடிக்க முடியாமல் நெளிந்துகொண்டிருந்தவன், அவர் பாட ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒல்லியான பையன். கண்கள் பெரியவை. பாட்டை ரகசியம் சொல்வது போலத் தொடங்குகிறார். ஒவ்வொரு அடியாகக் குரல் ஏறுகிறது. கடைசியில் தியேட்டர் சுவரைத் தள்ளுவது போல ஒரு உச்சம். கை ஒரு பக்கம் நீள்கிறது, விரல்கள் விரிகின்றன, புருவம் மேலே போகிறது. என் பக்கத்தில் இருந்த ரஷ்யப் பெண்கள் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். எனக்குச் சட்டென்று நம் சிவாஜி ஞாபகம் வந்தது. முகத்தின் ஒரு தசையைக்கூடச் சும்மா விடாத நடிப்பு. அதே ஆள் பாடவும் செய்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அப்போது ஸ்பெயினை ஆண்டவர் தளபதி ஃபிராங்கோ. கம்யூனிஸ்டுகளுக்கு ஜென்ம விரோதி. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சோவியத் நாடு அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றது. அதற்குப் பிறகு இரு நாடுகளுக்கும் தூதரக உறவே கிடையாது. ஃபிராங்கோ இறந்த பிறகு 1977ல்தான் மறுபடி ஏற்பட்டது. தூதர் போக முடியாத நாட்டுக்கு ஒரு பாடகர் போனார். 1971ல் ரஃபாயேல் சோவியத் நாட்டுக்கு வந்து நேரில் பாடியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு வருடம் ஆகியும் அந்தப் பேச்சு அடங்கவில்லை. டிக்கெட் கிடைத்தவர்கள் அதை ஒரு பட்டம் வாங்கியது போலச் சொல்லிக்கொண்டார்கள்.

எங்கள் மொழிபெயர்ப்பாளர் இதற்காகவே மாலை வகுப்பில் சேர்ந்து ஸ்பானியம் படித்துக்கொண்டிருந்தார். அவர் மட்டுமல்ல, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஸ்பானியம் படிக்கப் போன சோவியத் இளைஞர்கள் ஏராளம். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அம்மையார் ஸ்பெயினில் பிறந்தவர். 1937ல் போரிலிருந்து காப்பாற்றுவதற்காகச் சுமார் மூவாயிரம் ஸ்பானியக் குழந்தைகளைக் கப்பலில் ஏற்றி சோவியத் நாட்டுக்கு அனுப்பினார்கள். போர் முடிந்தால் திரும்பிவிடலாம் என்று நினைத்து அனுப்பிய குழந்தைகள். பலர் அங்கேயே வளர்ந்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே குடும்பமானார்கள். அந்த அம்மையாரும் அப்படி ஒருவர். ரஃபாயேலின் பாட்டை வகுப்பில் போட்டு இலக்கணம் சொல்லிக்கொடுப்பாராம். ஒருநாள் பாட்டு நடுவிலேயே டேப்பை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டாராம். மாணவர்கள் ஒன்றும் கேட்கவில்லையாம்.

நான் ஊர் திரும்பும்போது அந்தப் பெண் ஒரு ஸ்பூல் டேப் பரிசாகக் கொடுத்தார். அதைப் போட்டுக் கேட்க நெய்வேலியில் எங்கள் கிளப்பில் மட்டும் ஒரு ரெக்கார்டர் இருந்தது. கேட்ட நண்பர்கள் “என்னய்யா, ஆள் இப்படி அழுவுறான்?” என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொந்த ஊரிலேயே பலர் அதைத்தான் சொன்னார்கள்.

அவருடைய சொந்த ஊர் லினாரெஸ். தெற்கே ஆண்டலூசியாவில் ஹாயென் மாகாணத்தில் இருக்கிறது. 1943 மே 5ஆம் தேதி பிறந்தார். எளிய குடும்பம். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பிழைப்புக்காகத் தலைநகர் மாட்ரிடுக்குக் குடிபெயர்ந்தது. நான்கு வயதில் பாடகர் குழுவில் சேர்ந்தார். ஒன்பது வயதில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் நடந்த போட்டியில் ஐரோப்பாவின் சிறந்த சிறுவர் குரல் என்று பரிசு வாங்கினார்.

ஸ்பானிய மொழியில் இந்தப் பெயரை 'எஃப்' எழுத்துப் போட்டு எழுதுவதே வழக்கம். இவர் மட்டும் 'பி.எச்.' போட்டு எழுதுவார். காரணம் சுவாரசியமானது. அவரை முதலில் பாட வைத்தது பிலிப்ஸ் இசைத்தட்டு நிறுவனம். அந்தப் பெயரில் இருக்கும் 'பி.எச்.' எழுத்துகளை எடுத்துத் தன் பெயரில் செருகிக்கொண்டார். நம் வீட்டு ரேடியோவிலும் பல்பிலும் பார்த்தோமே, அதே பிலிப்ஸ்தான். உலகத்தில் எந்த மொழிக்காரரும் படிக்கும்படி இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

1962ல் பெனிதோர்ம் என்ற கடற்கரை ஊரில் நடந்த பாட்டு விழாவில் வென்றார். அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம், மானுவேல் அலெஹாந்த்ரோ என்ற பாடலாசிரியர் கிடைத்தது. ஹெரெஸ் ஊர்க்காரர். தந்தையும் இசையமைப்பாளர். பாட்டும் இவரே, மெட்டும் இவரே. பின்னாளில் ஹூலியோ இக்லேசியாஸ், ரோசியோ ஹுராதோ போன்ற பெரிய பாடகர்களுக்கெல்லாம் எழுதியவர். ஆனால் ரஃபாயேலுக்கு எழுதும்போது ஒரு தனி அளவு வைத்திருந்தார். மெதுவாகத் தொடங்கி, படி ஏறி, கடைசியில் மலை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தும் அளவு. நம் டி.எம்.எஸ்.சுக்கு யார் பாட்டு என்று தெரிந்துகொண்டு மெட்டுப் போட்டார்களே, அதுபோல.

1965ல் மாட்ரிடின் சர்சுவேலா தியேட்டரில் தனி ஒருவராக முழுக் கச்சேரி கொடுத்தார். அது செவ்வியல் இசை நாடகங்களுக்கான மேடை. மியூசிக் அகாடமியில் ஒரு சினிமாப் பாடகர் தனிக் கச்சேரி செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் அந்தத் துணிச்சல். 1966ல் ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு ஸ்பெயின் அவரை அனுப்பியது. லக்சம்பர்கில் நடந்தது. 'யோ சோய் அகேல்' என்ற பாட்டு. 'நான்தான் அவன்' என்று பொருள் சொல்லலாம். ஏழாவது இடம். அடுத்த ஆண்டு வியன்னாவில் மறுபடியும் போனார். ஆறாவது இடம். 1968ல் ஸ்பெயினிலிருந்து போன மாஸியேல் என்ற பெண் முதல் பரிசையே வாங்கிவிட்டார். ஆனால் ஏழாவது வந்த அந்தப் பாட்டை ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் இன்றும் வாய் முணுமுணுக்கிறது. போட்டியில் வாங்கும் இடத்துக்கும் மனத்தில் பிடிக்கும் இடத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதன்பின் வரிசையாகப் படங்கள், தென் அமெரிக்கச் சுற்றுப்பயணங்கள், 1970ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற எட் சல்லிவன் நிகழ்ச்சி. 1972 ஜூலையில் நத்தாலியா ஃபிகேரோவா என்ற பத்திரிகையாளரைத் திருமணம் செய்துகொண்டார். அவர் உயர்குடிக் குடும்பத்துப் பெண். இவரோ பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. ஊரில் நடத்தினால் கூட்டம் தாங்காது என்று இத்தாலியின் வெனிஸ் நகரில் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். இது எத்தனை நாளைக்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மூன்று பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

கிண்டலைப் பற்றி சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றி எழுதியதாக ஆகாது. ஸ்பெயினில் அவரைப் போல நடித்துக் காட்டாத மிமிக்ரி கலைஞர் கிடையாது. கறுப்பு உடை, கையை மேலே தூக்கி பல்பைக் கழற்றுவது போலத் திருப்புவது, பாட்டு முடிந்ததும் கண்ணை மூடி நிற்பது, எல்லாம் நடித்துக் காட்ட வசதியான விஷயங்கள். மிகை, செயற்கை, அலங்காரம் என்றெல்லாம் விமர்சகர்கள் எழுதினார்கள். 1975ல் ஃபிராங்கோ இறந்து ஜனநாயகம் வந்ததும் இன்னொரு சங்கடம் சேர்ந்தது. அந்தக் காலத்தில் புகழ் பெற்ற எல்லாமே இளைஞர்களுக்குப் பழைய வாடை அடித்தது. புது ராக் குழுக்கள் வந்தன. ரஃபாயேல் என்றால் அப்பா அம்மா கேட்கிற பாட்டு என்று ஆயிற்று.

இந்த இடத்தில் சாதாரணப் பாடகர் என்ன செய்வார்? கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாகப் பாடிப் பார்ப்பார். அல்லது வந்த ஃபேஷனுக்கு மாறுவார். இவர் குரலையும் குறைக்கவில்லை, கையையும் இறக்கவில்லை. 1981ல் மானுவேல் அலெஹாந்த்ரோவோடு ஒரு ஆல்பம் வந்தது. அதில் 'கே சாபே நாதியே' என்றொரு பாட்டு. 'யாருக்கு என்ன தெரியும்' என்று பொருள். தன்னைப் பற்றி ஊர் பேசுவதற்கெல்லாம் பதில் போல அது அமைந்துவிட்டது. 1992ல் 'எஸ்காந்தலோ' என்று துள்ளலாக ஒரு பாட்டு பாடினார். ஊர் சிரிக்கும் விவகாரம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தென் அமெரிக்காவிலும் ஜப்பானிலும்கூடப் பிடித்துக்கொண்டார்கள். 2000ல், 57 வயதில், 'ஜெகில் அண்டு ஹைடு' இசை நாடகத்தில் நல்லவனாகவும் கெட்டவனாகவும் இரட்டை வேடம் போட்டு மாட்ரிடில் இரவுக்கிரவு நடித்தார்.

ஹூலியோ இக்லேசியாஸ் ஆங்கிலத்திலும் பாடி, நம் ஊர் கேசட் கடை வரைக்கும் வந்தார். ரஃபாயேல் பெரும்பாலும் ஸ்பானியத்திலேயே நின்றார். அதனால் நம்மவர்களுக்கு அவரைத் தெரியாமல் போனது. ஸ்பெயினிலோ அவர் பண்டிகையோடு கலந்தவர். கிறிஸ்துமஸ் வந்தால் 'எல் தம்போரிலேரோ', அதாவது மேளம் அடிக்கும் சிறுவன், என்ற பாட்டை அவர் குரலில் கேட்க வேண்டும். மார்கழியில் நமக்குத் திருப்பாவை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுதப்போவது என் சொந்த விஷயமும் கலந்தது.

இரட்டை வேடம் போட்ட அந்த நாட்களிலேயே அவர் உடம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருந்தது. ஹெபடைடிஸ் பி கிருமி கல்லீரலில் இருந்திருக்கிறது. அது தெரியாமல், இரவில் தூக்கம் வராததற்கு ஓட்டல் அறைக் குளிர்பெட்டியில் இருக்கும் சின்னச் சின்ன மதுப்புட்டிகளைக் காலி செய்யும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. மேடையில் ஆயிரம் பேர், அறைக்கு வந்தால் தனிமை. இதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2003 ஏப்ரலில் மாட்ரிட் அரசு மருத்துவமனை ஒன்றில் அவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. முகம் தெரியாத ஒருவரின் கல்லீரல். அதே ஆண்டு, ஆறே மாதத்தில், 1965ல் துணிச்சலோடு ஏறிய அந்த சர்சுவேலா தியேட்டரிலேயே மறுபடியும் பாடினார். அன்றிலிருந்து உறுப்பு தானத்தைப் பற்றிப் போகிற இடமெல்லாம் பேசி வருகிறார். இறந்தவர்களின் உறுப்பு தானத்தில் ஸ்பெயின் 1990களின் தொடக்கத்திலிருந்தே உலகத்தில் முதலிடத்தில் இருக்கும் நாடு. அவர் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2011ல் என் தம்பிக்கும் அதே ஹெபடைடிஸ் பி. வங்கியில் வேலை பார்த்தவன். குடிப்பழக்கம் இல்லை. கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, மாற்றுக் கல்லீரல் ஒன்றுதான் வழி என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்களே, அந்த 2008க்குப் பிறகு நம் மாநிலத்திலும் இந்தத் தானம் பரவத் தொடங்கியிருந்தது. பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். எங்கோ ஒரு விபத்து நடந்தால்தான் இவனுக்கு வாழ்வு. அதை நினைத்து சாமி கும்பிடவும் மனசு வரவில்லை.

தம்பி நன்றாகப் பாடுவான். எங்கள் குடும்பத்துக் கல்யாணம் எதுவானாலும் முதல் நாள் ராத்திரி டி.எம்.எஸ். பாட்டு அவனுடையதுதான். கட்டிலில் படுத்தபடி ஒருநாள் கேட்டான்.

“அண்ணா, வயித்தக் கிழிச்சு வச்சுத் தச்ச பெறகு மூச்சப் புடிச்சுப் பாட முடியுமா?”

நான் ரஃபாயேலைப் பற்றிச் சொன்னேன். ஆறு மாதத்தில் மேடை ஏறியதைச் சொன்னேன்.

“அவரு பெரிய பாடகரு. நான் கல்யாண வீட்டுப் பாடகன்” என்று சிரித்தான்.

அடுத்த நாள் அவனே, “அந்த ஆளு பாட்டு இருந்தா போடு, கேப்போம்” என்றான். என் மகள் லேப்டாப்பில் தேடிக் கொடுத்தாள். அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த பாட்டு ஒன்று, பின் எடுத்தது ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டான். மொழி தெரியாதவன், காது தெரிந்தவன். “பின்னாடி பாடினதுல சுதி கொஞ்சம் எறக்கியிருக்காரு. ஆனா பயமில்லாம எறங்கியிருக்காரு” என்றான். பயமில்லாம என்ற வார்த்தையை நான் மறக்கவில்லை.

2012 தை மாதத்தில் ஒரு அதிகாலை போன் வந்தது. கொடுத்தவர் யார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. எட்டு மாதம் கழித்து வீட்டில் பிள்ளையார் சதுர்த்தியன்று தம்பி ஒரு முருகன் பாட்டு பாடினான். இரண்டு இடத்தில் மூச்சு விட்டான். மேலே போக வேண்டிய இடத்தில் கீழேயே நின்றான். பாட்டு முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. அவன் மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தான். மகள் கல்யாணத்தைப் பார்த்தான். பேத்தியைத் தூக்கி வைத்துப் பாடினான். 2021ல் வேறு காரணத்தால் போனான்.

இந்தக் காரணத்தால் ரஃபாயேல் எனக்கு வெறும் இளமைக்கால நினைவு அல்ல. அவர் போகும் தூரத்தைக் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

2014 ஆகஸ்டில் அரண்டா தெ துவேரோ என்ற ஊரில் சோனோராமா என்ற இசைத் திருவிழாவுக்கு அவரை அழைத்தார்கள். ராக் குழுக்களின் விழா. வந்திருப்பவர்கள் இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். வந்தவருக்கு 71. கிண்டலுக்கு அழைத்திருக்கிறார்கள் என்றே பலர் நினைத்தார்கள். அந்த நிகழ்ச்சியின் காட்சிகளை யூடியூபில் பார்க்கலாம். கறுப்புச் சட்டையில் வருகிறார். அதே கை, அதே புருவம். பிள்ளைகள் அத்தனை பாட்டையும் மனப்பாடமாகக் கூடவே பாடுகிறார்கள். பாட்டியிடம் கேட்டுப் பழகியதாக இருக்கும். எந்த மிகைக்காக அப்பாக்கள் கிண்டல் செய்தார்களோ அந்த மிகையைத்தான் பிள்ளைகள் கேட்டு வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டு அலெக்ஸ் தெ லா இக்லேசியா இயக்கிய ஒரு நகைச்சுவைப் படத்தில், கர்வம் பிடித்த ஒரு பாடகராக நடித்துத் தன்னையே கேலி செய்துகொண்டார். ஊர் முழுக்க மிமிக்ரி செய்ததை, கடைசியில் தானும் ஒரு முறை செய்து காட்டிவிட்டார். படத்தின் பெயரே அவருடைய பழைய பாட்டின் பெயர், 'மி கிரான் நோச்சே'. என் மகத்தான இரவு.

அவர் ஏன் நிற்கிறார் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. குரல் என்று சொல்ல முடியாது. அந்த 1967 குரல் இப்போது இல்லை. உச்சத்தில் கரகரக்கிறது. சில அடிகளைப் பேசியே கடக்கிறார். நான் கண்டுகொண்டது இதுதான்: அவர் எந்தப் பாட்டையும் அரை மனத்தோடு பாடி நான் கேட்டதில்லை. அறுபது வருடமாக ஆயிரக்கணக்கான முறை பாடிய பாட்டையும் அன்றைக்குத்தான் அந்தக் காதல் முறிந்தது போலப் பாடுகிறார். அளவாகப் பாடுவது ஒரு கலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவு பார்க்காமல் கொடுப்பவனைப் பார்க்கும்போது நமக்கு முதலில் கூச்சமாக இருக்கிறது, அதனால் சிரிக்கிறோம். அவன் விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. நம் ஊரில் சிவாஜியின் நடிப்பைக் கிண்டல் செய்த தலைமுறைதான் இன்று அவர் படம் டி.வி.யில் வந்தால் சேனலை மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறது.

வயதானால் அடக்கமாக இருக்க வேண்டும் என்று நமக்கு எல்லோரும் சொல்கிறார்கள். மெதுவாகப் பேசு, ஓரமாக உட்கார், மாத்திரையைப் போட்டுக்கொண்டு படு. சரிதான், மாத்திரையைப் போட வேண்டியதுதான். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதில் ரஃபாயேலுக்கு வேறு யோசனை இருக்கிறது.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் யூடியூபில் எடுத்துக் கொடுப்பார்கள். முதலில் 1966ல் பாடிய 'யோ சோய் அகேல்' கேளுங்கள். கறுப்பு வெள்ளைக் காட்சி கிடைத்தால் இன்னும் நல்லது, முகத்தைப் பார்க்கலாம். அடுத்து 'கே சாபே நாதியே'. மூன்றாவதாக, எழுபது வயதுக்கு மேல் அவர் பாடிய அதே 'யோ சோய் அகேல்'. பொருளைத் தேட வேண்டாம். மொழி தெரியாமல் என் தம்பி கேட்டது போலக் கேளுங்கள். சுதி எங்கே இறங்குகிறது, எப்படி இறங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். கேட்டுவிட்டு உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.